உள்ளே இருந்த பிள்ளை

"குழந்தையோட அப்பா ஆபரேஷனுக்குச் சம்மதிச்சுட்டாருங்க மேடம். அதுவே போதும். அந்தம்மாவுக்காக இன்னும் எத்தனை நாள் காத்திருக்கறதுங்க?"

டாக்டர் இளம்பரிதி இப்படிக் கேட்டபோது அவர் குரலில் கோபம் இருந்தது. கோபத்தில் நியாயமும் இருந்தது.

டாக்டர் ஹெப்சிபா கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

இந்த இருவரில் குரு யார், சீடர் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தால் தெரியாது.

இளம்பரிதிக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் நரைத்திருந்தது. கரூரில் பெரியவர்களுக்கு ஆபரேஷன் செய்து நல்ல பேர் வாங்கியவர். குழந்தைகளுக்குச் செய்வதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திடீரென்று ஒரு வேகம் வந்து, ஓடிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியை அண்ணனிடம் விட்டுவிட்டு, தெற்கே இந்த அரசு ஆஸ்பத்திரிக்கு மறுபடி மாணவராக வந்திருந்தார்.

ஹெப்சிபா அவரைவிட இளையவர். குள்ளம். மெதுவாகத்தான் பேசுவார், அதுவும் கேட்டால்தான். புதிதாக வரும் ஜனங்கள் இளம்பரிதியைப் பார்த்துக் கும்பிடுவார்கள். ஹெப்சிபாவிடம் வந்து, "சிஸ்டர், சுடுதண்ணி எங்க பிடிக்கணும்?" என்று கேட்பார்கள். அவரும் கூடவே போய் இடத்தைக் காட்டிவிட்டு வருவார்.

ஆசிரியர் மாணவரை 'சார்' என்பார். மாணவர் ஆசிரியரை 'மேடம்' என்பார். ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான்.

"அவங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க சார்?" என்று கேட்டார் ஹெப்சிபா, கையைத் துடைத்தபடி.

"எல்லாத்தையும் சொன்னேங்க மேடம். தெளிவா. படம் போட்டே காட்டினேன்."

அவர் சொன்னது உண்மை. விளக்கிச் சொல்வதில் இளம்பரிதிக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

*

குழந்தையின் பெயர் தன்ஷிகா. எட்டு மாதம்.

பிறந்தபோதே வயிறு கொஞ்சம் புடைப்பாகத்தான் இருந்தது. கொழுகொழு குழந்தை என்று பார்த்தவர்கள் கொஞ்சினார்கள். கை காலெல்லாம் மெலிந்துகொண்டே போக, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. குடித்த பாலைக் கக்கினாள். மல்லாக்கப் படுக்கப் போட்டால் மூச்சு இழுத்தது. கடைசியில், தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டால்தான் தூங்குவாள் என்றானது.

ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றுக்குள் இருந்த கட்டியில் எலும்புகள் தெரிந்தன. வரிசையாக, முதுகெலும்பு மாதிரி. பக்கத்தில் இரண்டு சின்னக் கால் எலும்புகள்.

அது கட்டி இல்லை. தன்ஷிகாவோடு கருவான இன்னொரு பிள்ளை. இரட்டையாக உண்டாகி, ஒன்று வளர்கிற வேகத்தில் இன்னொன்று அதற்குள்ளேயே அடைபட்டுப்போனது. லட்சக்கணக்கான பிறப்புகளில் எங்கோ ஒன்று இப்படி ஆகும். பல மருத்துவர்கள் புத்தகத்தில் படித்ததோடு சரி.

இளம்பரிதி அந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி என்று சொன்னால் தப்பு. ஆனால் அது துக்கமும் இல்லை.

அன்றைக்கே தாயைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இசக்கியம்மாள் என்று பெயர். வயது இருபத்துநாலோ ஐந்தோ. குழந்தை தோளில் இருந்தது. புருஷன் சுடலைமணி லோடு ஆட்டோ ஓட்டப் போயிருந்தான்.

இளம்பரிதி ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டார். அதற்குள் சின்ன வட்டம் போட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தார். அது ரத்தக் குழாய். உள்ளே இருப்பதற்கு மூளை கிடையாது, இதயம் கிடையாது, இந்தக் குழாய் வழியாக உங்கள் குழந்தையின் ரத்தத்தை எடுத்துத்தான் அது வளர்கிறது, இதற்கு ஒட்டுண்ணி என்று பெயர் என்றார். சீக்கிரம் எடுக்காவிட்டால் உங்கள் குழந்தை பிழைக்காது என்றும் சொன்னார்.

இசக்கியம்மாள் படத்தையே பார்த்தாள்.

"இவ ரத்தத்துலயா அது வளருது?"

"ஆமாம்மா."

"இவளுக்கு நான் பாலுதான் குடுக்கேன். வேற எதுவும் குடிக்க மாட்டா."

"ஆமா."

"அப்ப அதுவும் என் பாலுலதான வளருது சார்?"

இளம்பரிதிக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் விஷயத்தைப் பிடித்துக்கொண்டாளே என்று நினைத்தார். "ரொம்பச் சரிம்மா" என்று பாராட்டவும் செய்தார்.

அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. ஆபரேஷனுக்குச் சரி என்றும் சொல்லவில்லை. மாமியார் வந்து திட்டினாள், பிள்ளை வயிற்றில் பேயை வைத்துக்கொண்டு யோசிக்கிறாயே என்றாள். புருஷன் கெஞ்சினான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

*

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஹெப்சிபா சொன்னார்:

"அவங்க ரெண்டு நாளா சாப்பிடலையாம். ஏன்னு தெரியுமா சார்?"

"கவலைங்க. வேறென்ன?"

"பிள்ளையக் கீழ போட முடியல. மாமியார் கோவிச்சுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. ஒத்தக் கையில எப்படிச் சாப்பிட?" துண்டை மடித்து வைத்தார். "மத்தியானம் அவங்க சாப்பிடுத நேரம் நீங்க பிள்ளைய வாங்கி வச்சுக்கிடுங்க."

"நானுங்களா? நர்ஸ் இருக்காங்களே?"

"இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா வார்டுக்குள் போய்விட்டார்.

இளம்பரிதிக்கு முகம் சிவந்துவிட்டது. கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவனைப் பிள்ளை பிடிக்கச் சொல்கிறார்கள் என்று சக மாணவர் ஒருவரிடம் சொல்லிப் புலம்பினார். ஆனாலும் மத்தியானம் போனார்.

இசக்கியம்மாள் முதலில் தரவில்லை. பிறகு, பசியோ என்னவோ, தந்தாள்.

எட்டு மாதக் குழந்தைக்கு உரிய எடையே இல்லை. வயிறு மட்டும் கனத்தது. தோளில் போட்டுக்கொண்டபோது உள்ளே இருந்த கெட்டியான ஒன்று இளம்பரிதியின் விலா எலும்பில் வந்து முட்டியது. அவர் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். தன்ஷிகா சிணுங்கினாள். மறுபடி சேர்த்துப் பிடித்தார்.

அவள் அவருடைய ஸ்டெதஸ்கோப் குழாயைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள். கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.

இசக்கியம்மாள் ஆஸ்பத்திரிச் சாம்பார் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு, அவர்களைப் பார்த்தபடியே வேகவேகமாகச் சாப்பிட்டாள். பாதித் தட்டு காலியானதும் அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுத்த இடத்தில் இரட்டை என்று சொன்னார்களாம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சாப்பிட்டாளாம். அடுத்த தடவை போனபோது ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். முதலில் பார்த்தவர் தப்பாகப் பார்த்திருப்பார் என்றாள் மாமியார். ஒன்று போதும், அதுவே நிம்மதி என்றான் புருஷன்.

"எங்க போச்சுன்னு யாரும் சொல்லல சார். நானும் யார்கிட்டப் போயிக் கேக்க?" என்றாள் இசக்கியம்மாள். "நீங்கதான் சொன்னீங்க. எங்கயும் போகல, இங்கதான் இருக்குன்னு."

ஒட்டுண்ணி என்ற சொல் நினைவுக்கு வந்து இளம்பரிதிக்கு வெட்கமாக இருந்தது.

*

"பிள்ளையப் பிடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் ஹெப்சிபா.

"பாத்தேங்க மேடம். கட்டி இடது பக்கம் மேல இருக்குது. கெட்டியா இருக்குது. மூச்சு விடறப்ப அசையல. பின்பக்கச் சுவரோட ஒட்டியிருக்கும்னு நினைக்கிறேன்."

"சரி. நாளைக்கும் பிடிங்க."

இளம்பரிதி வாயைத் திறந்தார். ஹெப்சிபா அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் இசக்கியம்மாள் கேட்காமலே குழந்தையைக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும், குளித்துவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாள். அவள் குளித்து எத்தனை நாளாகிறதோ என்று நினைத்துத் தலையாட்டினார். குளிக்கிற இடத்தில் வரிசை நின்றது போலிருக்கிறது, அவள் வர நேரமானது.

தன்ஷிகா அழுதாள். இளம்பரிதி நடந்தார். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. நடக்க நடக்க அவள் அடங்கினாள். தூங்கினாள். தூங்குகிறவளின் மூச்சு அவர் கழுத்தில் பட்டது. இழுத்து, நின்று, இழுத்து. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவரும் நின்றார். அது திரும்ப வந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.

அன்று சாயந்திரம் ஹெப்சிபா எதுவும் கேட்கவில்லை. இளம்பரிதிதான் போய் நின்றார்.

"கை கடுத்துப்போச்சுங்க மேடம். ரெண்டு பேரையும் சேத்து அந்தம்மா எப்படித்தான் ராவும் பகலும் தூக்கிட்டிருக்காங்களோ."

இரண்டு பேரையும் என்று தான் சொன்னதை இளம்பரிதி கவனிக்கவில்லை.

ஹெப்சிபா கவனித்தார். மேஜை மேல் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"வாங்க சார். போய் அவங்களப் பாப்போம்."

*

ஹெப்சிபா கட்டிலில் இசக்கியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இளம்பரிதி கட்டில் ஓரத்தில் நின்றார். அவர் கையில் தாளும் பேனாவும் இல்லை.

பேசாமல் இருப்பது ஹெப்சிபாவுக்கு நன்றாகவே வரும்.

இசக்கியம்மாள்தான் கேட்டாள்.

"அதுக்கு உசுரு இருக்கா டாக்டரம்மா?"

இளம்பரிதியிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு முழுப் பாடம் நடந்திருக்கும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் பேசாமல் நின்றார்.

"தன்ஷிகாவோட உசுருதான் ரெண்டு பேருக்கும் ஓடுது" என்றார் ஹெப்சிபா. "இத்தன நாளா அவதான் தூக்கிச் சுமக்கா. ஒருத்தி உசுரு ரெண்டு பேருக்குப் பத்தலம்மா."

இசக்கியம்மாள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எடுத்தா அது என்னாகும்?"

"முடிஞ்சிரும்."

"எடுக்காட்டா?"

"ரெண்டும் முடிஞ்சிரும்."

"வலிக்குமா? உள்ள உள்ளதுக்கு?"

"வலி தெரியுததுக்கு அதுக்கு ஒண்ணும் உண்டாகல. வலிக்காது."

அவள் ஹெப்சிபாவின் முகத்தையே பார்த்தாள். பொய் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

பிறகு அவள் கேட்டது இளம்பரிதிக்கு எதிர்பாராத இடத்தில் குத்தியது. பாட்டிலில் போட்டு வைத்துக்கொள்வார்கள், படிக்கிற பிள்ளைகள் வந்து வந்து பார்ப்பார்கள் என்று பக்கத்துக் கட்டிலில் சொன்னார்களாம். அப்படிச் செய்யாமல் தன்னிடமே கொடுத்துவிடுவார்களா என்று கேட்டாள்.

இளம்பரிதி ஏற்கெனவே மருத்துவக் கல்லூரியின் காட்சிக்கூடத்தில் பேசி வைத்திருந்தார். இவ்வளவு முழுமையாக ஒன்று கிடைப்பது அபூர்வம் என்று அங்கே இருப்பவர்கள் ஆவலோடு இருந்தார்கள். டெல்லியில் நடக்கப்போகும் மாநாட்டில் வாசிக்க அவர் ஒரு கட்டுரையும் தொடங்கியிருந்தார். ஹெப்சிபாவுக்கும் இது தெரியும்.

"பரிசோதனைக்குக் கொஞ்சம் எடுத்தே ஆகணும்" என்றார் ஹெப்சிபா. "அதுல கெட்டது ஏதும் இருந்தா தன்ஷிகாவுக்குத் திரும்ப வரும். அதுக்காகத்தான். மிச்சத்த உங்ககிட்டயே குடுத்துருதோம்."

சொல்லிவிட்டு அவர் இளம்பரிதியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இளம்பரிதிக்குத் தோன்றியது.

"சரி" என்றாள் இசக்கியம்மாள். "எடுங்க."

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமே இல்லாமல் அழுதாள், தோளில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று.

*

ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. தன்ஷிகா விடிந்ததிலிருந்து அழுதாள். தாயின் மாரில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். இசக்கியம்மாளின் ரவிக்கை நனைந்துபோயிருந்தது. தியேட்டர் வாசலில் குழந்தையை வாங்கியபோது, இளம்பரிதி அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே, "நீங்களே செய்யுங்க சார்" என்றார் ஹெப்சிபா. எதிர்ப்பக்கம் போய் உதவிக்கு நின்றுகொண்டார்.

இளம்பரிதியின் கை நல்ல கை. கரூரில் வாங்கிய பேர் சும்மா வந்ததில்லை. வயிற்றைத் திறந்து, குடலை மெதுவாக ஒதுக்கி, பின்னால் இருந்த அந்தப் பையைக் கண்டுபிடித்தார். அது சிறுநீரகத்தைத் தள்ளிக்கொண்டு, பெரிய ரத்தக் குழாயின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் தப்பினால் தன்ஷிகா மேஜையிலேயே போய்விடுவாள். நூல் நூலாகப் பிரித்தார். ஒரு இடத்தில் ரத்தம் பீறிட்டது. ஹெப்சிபாவின் விரல் அவர் சொல்வதற்கு முன்பே அந்த இடத்தை அழுத்தியிருந்தது.

பையைத் திறந்தார். மஞ்சள் நீர் வடிந்தது.

உள்ளே, பிறந்த குழந்தையின் மேல் இருக்குமே, அந்த வெண்ணெய் மாதிரியான மாவு பூசிய தோல். மடக்கிய இரண்டு கால்கள். ஒரு காலில் விரல்கள் பிரிந்திருந்தன. நகம் இருந்தது. முகம் என்று ஒன்று இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் கறுகறுவென்று முடி.

தியேட்டரில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை.

தன்ஷிகாவிலிருந்து அதற்குப் போகிற குழாய் ஒன்றுதான் பாக்கி. அவர் தாளில் போட்டுக் காட்டிய கோடு அதுதான். இளம்பரிதி அதை இரண்டு இடத்தில் கட்டினார். நடுவில் வெட்டினார்.

எடுத்ததைப் போடுவதற்கு ஸ்டீல் தட்டை நீட்டுவது வழக்கம். சிஸ்டர் மரகதம் நீட்டினார். குடல்வால், பித்தப்பை, கட்டி எதுவானாலும் அதில்தான் போய் விழும், டக்கென்று ஒரு சத்தத்தோடு.

இளம்பரிதி எடுத்தார். தட்டுப் பக்கம் திரும்பினார்.

தட்டுக்கு முன்னால் ஹெப்சிபாவின் இரண்டு கைகள் இருந்தன. சேர்த்து, குழித்து.

மாஸ்க்குக்கு மேலே அவர் கண்களில் எதுவும் தெரியவில்லை.

இளம்பரிதி ஒரு கையால் பிடித்திருந்தார். இன்னொரு கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் எடுத்து, அந்தக் கைகளில் வைத்தார்.

கட்டிய இடங்கள் ரத்தம் கசியாமல் உலர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். உலர்ந்திருந்தன. அவர் குழந்தையின் வயிற்றைத் தைத்து முடிக்கிறவரை ஹெப்சிபா அதே இடத்தில் அதைக் கையில் ஏந்தியபடி நின்றார். உதவிக்குச் சிஸ்டர் மரகதம் வந்தார்.

தன்ஷிகாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. இப்போது அது நடுவில் நிற்கவில்லை.

"இனி அவங்ககிட்ட நீங்க பேசுங்க சார்" என்றார் ஹெப்சிபா.

*

குழந்தை நன்றாக இருக்கிறாள் என்ற செய்தியைச் சொன்னபோது சுடலைமணி இளம்பரிதியின் காலில் விழப்போனான். இசக்கியம்மாள் எழுந்து நின்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தவரை கெட்டது எதுவும் இல்லை என்றார்கள். மிச்சத்தைச் சாயந்திரம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

காட்சிக்கூடத்திலிருந்து இளம்பரிதிக்குப் போன் வந்தது. கிடைக்காதுங்க என்றார். ஏன் என்று கேட்டார்கள்.

"அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க" என்றார்.

சுடலைமணியின் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். பச்சைப் பிள்ளைகளை எரிப்பதில்லை, வாய்க்கால் கரையில் தங்கள் இடத்தில் குழி தோண்டி வைத்திருப்பதாகச் சொன்னார். பேய் பேய் என்று பேசிய மாமியாரும் வந்திருந்தாள். ஒரு ஓரமாக உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

இளம்பரிதிக்கு ஒன்று தோன்றியது. அதை இப்படியே ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் பையில் கொடுத்தனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடைக்குத் தானே நடந்து போனார். வெள்ளைத் துணி கேட்டார். கடைக்காரர் இரண்டு மூன்று எடுத்துப் போட்டார். இருப்பதில் நல்லதாக வேண்டும் என்று சொல்லி, நூல் நெருக்கமாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இதுவரை எந்த நோயாளிக்கும் அவர் இப்படிச் செய்ததில்லை. நாம் இப்போது சரியாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று உள்ளே ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

வார்டுக்கு வந்தார். ஹெப்சிபா பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தைக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த துணியையும் பார்த்தார்.

இசக்கியம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தன்ஷிகா அவள் மடியில் மல்லாந்து படுத்திருந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கினாள். வயிற்றில் பெரிய கட்டு. வயிறு தட்டையாக இருந்தது.

"சாயந்திரம் குடுத்துருவாங்கம்மா" என்றார் இளம்பரிதி. "உங்க வீட்டுக்காரரோட அண்ணன் வண்டி கொண்டாந்திருக்காரு."

அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"என்ன பிள்ள சார்?"

அவருக்குப் பதில் தெரியும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரண்டும், ஆணோ பெண்ணோ, ஒன்றாகத்தான் இருக்கும். அதை விளக்க நாலு வாக்கியம் அவரிடம் தயாராக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"பொண்ணும்மா."

"முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. நெறைய. கருப்பா."

இசக்கியம்மாள் தன்ஷிகாவின் தலையைப் பார்த்தாள். அந்தத் தலையில் அவ்வளவாக முடி இல்லை.

"எங்க அம்மைக்கு நெறைய முடி" என்றாள்.

இளம்பரிதி துணியை நீட்டினார். தான் வாங்கி வந்ததாகச் சொன்னார். இதில் சுற்றிக் கொடுக்கச் சொல்கிறேன் என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். தடவிப் பார்த்தாள். புதுத்துணி, கஞ்சி விறைப்போடு மொடமொடவென்று இருந்தது. அவள் கண் கலங்கியது. இளம்பரிதியைப் பார்த்து, "உங்களுக்கு நல்ல மனசு சார்" என்றாள்.

பிறகு அதை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டைப்பையை ஒரு கையால் இழுத்தாள். மடியில் இருந்த குழந்தை அசையாதபடி குனிந்து, உள்ளே துழாவி, ஒரு பழைய சேலைத் துண்டை எடுத்தாள். நீலமாக இருந்திருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து என்ன நிறமென்று சொல்ல முடியாமல் வெளுத்து, பஞ்சு மாதிரி ஆகியிருந்தது.

"கோடித்துணி செத்தவங்களுக்குப் போடுதது சார்" என்றாள் இசக்கியம்மாள். "இது நேத்துத்தான பிறந்துச்சு. பிறந்த பிள்ளைக்குப் பழசுதான் சுத்தணும். புதுசு உடம்ப உறுத்தும்."

பக்கத்துக் கட்டிலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த ஹெப்சிபாவின் கை நின்றுவிட்டது.

"நானே வந்து சுத்தியிருப்பேன். இவ முழிச்சா பாலுக்கு அழுவா, விட்டுட்டு வர முடியாது" என்றாள். "நீங்களே சுத்திருங்க சார்."

அவர் இரண்டு மருத்துவப் பட்டங்கள் வாங்கிய கையை நீட்டினார். துணியை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவரை அவள் கூப்பிட்டாள்.

"தலையச் சேத்து மூடிச் சுத்துங்க சார். வாய்க்கால் பக்கம் குளிரும்."